வரேன் என்று போனவரின் இசைத்தட்டு

அந்த இசைத்தட்டின் அட்டையில் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்சாலையில் நிற்பான். தூரத்தில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண். அவன் முகம் நம் பக்கம். அவளுக்குத் தெரிவது அவன் முதுகு. பெங்களூர் பழைய பொருள் சந்தையில் அண்ணன் வாங்கி வந்தது. கன்ட்ரி மியூசிக் என்று சொன்னேன். "நாட்டுக்கோழி மாதிரி நாட்டுப்பாட்டா? அப்ப ருசியாத்தான் இருக்கும்" என்றார்.

அண்ணன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். விடுமுறை என்றால் ஏதாவது பஸ்ஸில் ஏறி, அது திரும்பும் ஊர்வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். ஜவளகிரியில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால், காடு இருக்கிறது என்பார். இங்கிலீஷ் அரைகுறை. தட்டைப் போட்டுவிட்டு, "டேய், என்னடா சொல்றான்?" என்று என்னைக் கேட்பார். எல்லாப் பாட்டிலும் அவன் ஒருத்தியைக் காதலித்துவிட்டு, விடிந்ததும் கிளம்பிவிடுகிறான். "போறேங்கிறான்" என்பேன். "வாசல்ல நின்னுக்கிட்டு எவனாவது போறேம்பானா? வரேன்னு சொல்லத் தெரியல பாரு" என்று சலித்துக்கொள்வார். "ஊர் சுத்தறதுல ரெண்டு பேருக்கும் ஒத்துமைதான்" என்று அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வரும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலை, சூளகிரி நிறுத்தத்தில் பெங்களூர் பஸ் ஏறினார். திரும்பவில்லை.

நான் வருவாய்த் துறையில் இருந்தவன். காணாமல் போனவருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் மனப்பாடம்: காவல் நிலையத்தில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர்கள் தரும் சான்று, ஏழு வருடக் காத்திருப்பு, பிறகு இறந்ததாக அறிவிக்கக் கோரி வழக்கு. புகார் கொடுத்ததோடு சரி, ஏழு வருடமும் அண்ணி மற்றதைப் பேசவிடவில்லை. பிறகு அவர்கள் நிலம் தொழிற்பேட்டைக்குள் வந்தது. பட்டா அண்ணன் பெயரில். இழப்பீடு வாங்க அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் செத்திருக்க வேண்டும். அரசாங்கத்துக்கு மூன்றாவது நிலை கிடையாது. கூரை ஒழுகும் வீட்டில் இருந்துகொண்டு அண்ணி வழக்குக்குச் சம்மதித்தார்.

"வீட்டை விட்டுப் போனாரு, திரும்பலைன்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். கோர்ட்டில், போகும்போது ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்கள். அண்ணி, "வரேன்னாரு" என்றார். எங்கள் பக்கத்தில் தமிழோ தெலுங்கோ கன்னடமோ, படியிறங்குகிறவர் வருவதாகத்தான் சொல்வார். அது இங்கிலீஷில் 'ஐ ஆம் கமிங்' என்று பதிவானது. அரசு வக்கீலுக்கு உற்சாகம். "வரேன்னு சொன்னவரை எப்படிம்மா செத்துட்டாருங்கறது?" கூடம் சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. "அதைத்தான் நானும் இவரைக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று என்னைக் காட்டினார்.

ஆனாலும் தீர்ப்பு சாதகமாகவே வந்தது. நகலை எடுத்துக்கொண்டு போன வாரம் அண்ணி வீட்டுக்குப் போனேன். இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி நகலை வாங்கி அதன் அட்டைக்கடியில் செருகினார். அடுத்தது வாரிசுச் சான்றிதழ், அதற்கான மனுவில் இறந்தவரின் மனைவி என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

"போடலைன்னா?"

"பணம் அவங்ககிட்டயே கெடக்கும் அண்ணி."

"கெடக்கட்டும்."

கூரையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

கிளம்ப எழுந்தேன். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். அந்த நடைமுறையும் எனக்குத் தெரியும். தீர்ப்பின்படி இது இப்போது துக்க வீடு. ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டினேன்.

"தம்பி." அண்ணி வாசலுக்கு வந்துவிட்டார். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. "சொல்லிட்டுப் போங்க."

உள்ளே தொப்பிக்காரன் போகிறேன், போகிறேன் என்று பாடிக்கொண்டிருந்தான்.

"வரேன் அண்ணி" என்றேன். மெயின் ரோடு வரை திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பார்.