மூணேகால் மணிக்கு ஓடும் பம்ப்

மார்லிஸ் ட்வைட்டுக்குக் கருநாக்கு என்பது குவார்ட்ஸைட் பாலைவனத்தில் வண்டிவீடு போட்டுக் குளிர்காலம் கழிக்கிற எல்லாருக்கும் தெரியும். யாருடைய டயரையாவது பார்த்து, கொஞ்சம் உப்பின மாதிரி இல்லையா என்பாள். மறுவாரம் அது நெடுஞ்சாலையில் வெடித்துக் கிடக்கும். மினசோட்டாவில் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவள். அங்கேயும் இதே பெயர்தான். தாயே, அடுப்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று கூட இருந்தவர்கள் கெஞ்சுவார்களாம். அவளும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், போன பிப்ரவரி வரைக்கும்.

வினை வண்டி வாங்கிய அன்றைக்கே வந்தது. முப்பத்திரண்டு அடி நீள வண்டிவீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. ஊரில் இருந்த வீட்டை விற்ற பணம் அத்தனையும் அதில் போயிற்று. விற்பனைக்காரர் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு காகிதத்தை மேஜையில் நகர்த்தினார். கம்பெனி கொடுக்கிற வாரண்டி இரண்டே வருஷம், இதில் கையெழுத்துப் போட்டால் ஏழு வருஷத்துக்கு எது உடைந்தாலும் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார். கணவர் ஓரின் பேனாவைத் திறந்துவிட்டார். நாற்பது வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டினவர், இயந்திரம் எப்போது காலை வாரும் என்று அவருக்குத் தெரியும். மார்லிஸ்தான் குறுக்கே பாய்ந்தாள்.

"ஏழு வருஷமா? அதுக்குள்ள நம்மள்ல ஒருத்தர் மண்ணுக்குள்ள இருப்போம் ஓரின். மூடு பேனாவ."

ஓரின் விழுந்து விழுந்து சிரித்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பதின்மூன்று மாதம் கழித்து, இதே பாலைவனத்தில், சமையல் குழாயடியில் பிளாஸ்டிக் டம்ளரும் கையுமாக நின்றவர் அப்படியே சரிந்தார். மணி மூணேகால். மார்லிஸ் அப்போது மேஜையில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை அவர் குளியலறையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது, பிறகு பம்ப் ஓடின சத்தம், பிறகு டம்ளர் உருண்ட சத்தம். என்ன ஓரின் உடைச்ச என்று தலையைத் தூக்காமலே கேட்டாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இப்போது அந்த இரண்டு வருஷ வாரண்டி வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது. விற்பனைக்காரரே போன் பண்ணினார். சனிக்கிழமைக்குள் என்றால் இன்னும் நாலு வருஷம் நீட்டித்துக் கொடுக்கலாம், தாண்டிவிட்டால் அவரே நினைத்தாலும் முடியாது. படிவம் வந்து நாலு நாளாக ஸ்டியரிங்குக்கு முன்னால் கிடந்தது. போடாவிட்டால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். ஒற்றைப் பென்ஷனில் கியர்பெட்டி மாற்ற முடியாது. பெரிய கோளாறு ஒன்று வந்தால் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மகள் ஜோலீன் வீட்டு நிலவறையில் துணி துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் போய் முடங்க வேண்டியதுதான். ஜோலீன் அந்த அறைக்கு ஏற்கெனவே வெள்ளை அடித்து வைத்திருந்தாள்.

நாலு வருஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. வருஷக் கணக்கைப் பேசினதற்கு ஒரு ஆளைக் கொடுத்தாயிற்று, மறுபடியும் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. காகிதம் செல்ல வேண்டுமென்றால் முதலில் ஒரு மெக்கானிக் வந்து வண்டியைத் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். பார்த்தால் பம்ப் மாட்டிக்கொள்ளும்.

பாலைவனத்தில் குழாய் இணைப்பு ஏது? வண்டியின் வயிற்றில் ஒரு தொட்டி, அதிலிருந்து தண்ணீரைத் தள்ள ஒரு பம்ப். குழாயைத் திறந்தால் கர்ரென்று ஓடும், மூடினால் நிற்கும். எங்கேயாவது கசிந்து தொட்டி காலியாகிவிடக் கூடாதென்று வெளியே கிளம்புகிறவர்கள் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படியிறங்குவார்கள். இங்கே கணவனும் மனைவியும் பிரிகிறபோது சொல்லிக்கொள்கிற கடைசி வார்த்தையே பம்ப் அணைச்சியா என்பதுதான். மார்லிஸ் மட்டும் அணைப்பதில்லை. யார் கையும் தவறிப் பட்டுவிடக் கூடாதென்று சுவிட்சின்மேல் டேப் ஒட்டி வைத்திருந்தாள். ஏனென்றால் ஓரின் போன மறுவாரத்திலிருந்து, ஒரு குழாயும் திறக்காமலே, அந்தப் பம்ப் தானாக ஓடியது. மூன்று விநாடி. தினமும் ஏறக்குறைய மூணேகாலுக்கு. கோடையில் வெயிலுக்குப் பயந்து வண்டியை மலைமேல் பைன் மரத்தடிக்குக் கொண்டுபோனாளே, அங்கேயும் ஓடியது.

முதல் தடவை கேட்டபோது கத்திவிட்டாள். பிறகு அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். மூன்று மணிக்கு மேல் எங்கேயும் போவதில்லை, ரேடியோ போடுவதில்லை. அது ஓடி நின்றதும் ஒரு பெருமூச்சு வரும், அன்றைய பொழுது அதோடு முடிந்த மாதிரி.

பக்கத்து வண்டிக்காரர் வெண்டல் ஸ்டக்கிக்கு ஒரு நாள் இது தெரிந்துபோயிற்று. ஓக்லஹோமாக்காரர், ஓயாத வாய். கடன் வாங்கின சாமானைத் திருப்பிக் கொடுத்த சரித்திரம் கிடையாது. ஓரினுடைய கருவிப்பையில் ஒரு ஸ்பேனர் ஒரு வருஷமாகக் காணோம், வெண்டல்தான் அமுக்கிவிட்டார் என்று மார்லிஸ் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காப்பிக்கு வந்தவர், வாரண்டியெல்லாம் சுத்தப் பித்தலாட்டம், கூரை ஒழுகினால் தேய்மானம் என்பான், ஃபிரிட்ஜ் நின்றால் வண்டியைச் சமமாக நிறுத்தவில்லை என்பான் என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் பம்ப் ஓடியது.

"யாரு உள்ள குழாயத் தெறந்தது?" என்று குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஓரின்," என்றாள் மார்லிஸ்.

வெண்டல் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். காப்பியைக் குடித்து முடித்து, வாசலில் நின்று தொப்பியைக் கையில் சுழற்றியபடி, மெக்கானிக்கை வரச் சொல்லு மார்லிஸ், காகிதம் போட்டாலும் போடாவிட்டாலும் சரி என்றார். பித்தலாட்டம் என்று இவ்வளவு நேரம் கத்தினவர்தான். அந்தக் கரிசனம் அவளுக்கு உறுத்தியது. எல்லாரும் தன்னைப் பைத்தியம் என்று பேசுகிறார்களோ என்ற பயத்தில்தான் வியாழக்கிழமைக்கு ஆள் சொன்னாள்.

வந்தது இமெல்டா என்று ஒரு பெண், யூமா நகரத்திலிருந்து. நாற்பது வயதிருக்கும், முட்டியில் பட்டை கட்டியிருந்தாள். கூரை ஏறினாள், எஞ்சினுக்குள் தலையை விட்டாள், அடுப்பை முகர்ந்து பார்த்தாள். மூன்று மணிக்கு உள்ளே வந்து உட்கார்ந்தாள். இனிக் கால் மணி நேரம் எந்தக் குழாயையும் தொடாதீங்க மேடம், சும்மா உட்காரணும், பம்ப் ஓடுதான்னு கேட்கணும் என்றாள்.

பேச்சுக் கொடுத்து அந்தச் சத்தத்தை மறைக்கலாம் என்று மார்லிஸ் பார்த்தாள். ஊரைக் கேட்டாள், பிள்ளைகளைக் கேட்டாள். இமெல்டா சிரித்துக்கொண்டே உதட்டில் விரல் வைத்தாள். பதினேழு நிமிஷத்தில் பம்ப் ஓடியது.

"அது ஒண்ணுமில்ல. அத எழுதாதம்மா."

"எழுதலைன்னா நாளைக்குத் தரை உளுத்துப்போய் நீங்க கேட்டாலும் ஒரு காசு தரமாட்டாங்க மேடம். மத்தியானம் எத்தனை மணிக்குப் பாத்திரம் கழுவுவீங்க?"

"பன்னெண்டுக்கு."

"அதுக்கப்புறம் குழாயத் தெறக்க மாட்டீங்க. எங்கயோ சொட்டுது. மூணு மணி நேரம் சொட்டினா அழுத்தம் கொறையும், பம்ப் ஓடும். ராத்திரியும் ஓடும், தூக்கத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். மார்லிஸுக்கு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் போல இருந்தது.

இமெல்டா டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு அலமாரியாகத் தலையை நுழைத்தாள். கடைசியில் குளியலறை வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த பலகையைக் கழற்றினாள். உள்ளே குனிந்து பார்த்தாள். பிறகு, கொஞ்சம் வாங்க மேடம் என்றாள்.

குழாய் சேருமிடத்தில் புத்தம்புது வெள்ளை நட்டு. அதன் அடியில் ஒரு துளி திரண்டு நின்றது. கீழே மடித்துப் போட்ட துண்டு ஒன்று, ஈரம் ஊறிக் காய்ந்து ஊறிப் பழுப்பேறியிருந்தது. சொட்டின தண்ணீர் தரை ஓட்டை வழியாக மண்ணில் விழ, பாலைவனக் காற்று அதைத் துடைத்துவிட்டிருக்கிறது. துண்டின்மேல் காணாமற்போன ஸ்பேனர் கிடந்தது. பாவம் வெண்டல்.

"யாரோ நட்டக் கையால மட்டும் திருகி விட்டுட்டு எழுந்து போயிருக்காங்க. ஸ்பேனரால ஒரு கால் சுற்று பாக்கி," என்றாள் இமெல்டா.

மார்லிஸ் கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்துவிட்டாள். ஓரினின் வழக்கம் அது. எந்த நட்டானாலும் முதலில் கையால் திருகுவார். பிறகு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். அவசரப்பட்டால் மரை போய்விடும், தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கண் நிதானப்படும் என்பார். திரும்பி வந்துதான் ஸ்பேனரை எடுப்பார். அன்றைக்கும் தண்ணீர் குடிக்கத்தான் எழுந்திருக்கிறார்.

இமெல்டா கேட்கவில்லை, புரிந்துகொண்டாள். ஸ்பேனரைத் துடைத்து மார்லிஸ் கையில் கொடுத்தாள். நீங்களே இறுக்கிடுங்க மேடம், இதை நான் கோளாறாகவே எழுதமாட்டேன், தரை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். மார்லிஸ் மண்டியிட்டுக் கால் சுற்று திருகினாள். துளி நின்றது. நல்லது செய்கிறோம் என்று அந்தப் பெண் மனதார நம்பினாள், அவளைக் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை மூணேகாலுக்கு ஒன்றும் ஓடவில்லை. மூன்றரைக்கும் இல்லை. நாலு மணி வரை மார்லிஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஓரின் செத்த அன்றுகூட இந்த வண்டி இவ்வளவு காலியாக இருந்ததில்லை. வேலை முடிந்துவிட்டது. இனி அவர் திரும்பி வருவதற்குக் காரியம் எதுவும் பாக்கி இல்லை, அதை முடித்துவைத்ததும் இவள் கைதான். முதலில் நாக்கு, இப்போது கை என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவினாள். அடுப்பில் உருளைக்கிழங்கும் கறியும் வேகவைக்கிற பெரிய அலுமினியத் தட்டை மட்டும் துடைத்துத் தனியே வைத்தாள். மூணேகால் ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. எழுந்தாள். பலகையைக் கழற்றி, முட்டி வலிக்க மண்டியிட்டு, ஸ்பேனரைப் போட்டு நட்டைக் கால் சுற்றுப் பின்னால் திருப்பினாள். அவர் விட்டுப்போன இடத்துக்கே. ஒரு துளி திரண்டு வருகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை அதற்குக் கீழே நகர்த்தினாள். ஸ்பேனரை அது கிடந்த இடத்திலேயே வைத்தாள்.

பிறகு மேஜைக்கு வந்து படிவத்தை எடுத்தாள். தெரிந்த கோளாறுகள் என்ற கட்டத்தில் இமெல்டா ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். மார்லிஸ் பேனாவால் அழுத்தி எழுதினாள்: பம்ப் தானாக ஓடும். வாஷ்பேசினுக்குக் கீழே நட்டு முழுசாக இறுக்கவில்லை. இதை யாரும் சரிசெய்ய வேண்டாம். கீழே, நாலு வருஷம் என்ற இடத்தில், கையெழுத்துப் போட்டாள். படம் எடுத்து அனுப்பியதும் விற்பனைக்காரர் பதறிப்போய்ப் போன் பண்ணினார். இப்படி எழுதினால் அந்தக் கோளாறுக்கும் சரி, அதனால் கெட்டுப்போகிற தரைக்கும் சரி, நாலு வருஷத்துக்கு எங்கள் ஆள் கை வைக்கமாட்டான், தெரிந்துதான் எழுதினீர்களா என்றார்.

"தெரிஞ்சுதான்," என்றாள். "மத்ததுக்கெல்லாம் வந்து பாருங்க. நான் இங்கதான் இருப்பேன்."

சொன்ன பிறகுதான், மறுபடியும் வருஷக் கணக்குப் பேசிவிட்டோம் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ரேடியோவை அணைத்துவிட்டுக் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்தாள். மூணேகாலுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது பம்ப் கர்ரென்று ஓடி நின்றது. மார்லிஸ் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மெதுவா குடிச்சிட்டு வா ஓரின்," என்றாள். "அவசரமில்ல."