கழுத்தில் மாலை, கோணிய வாய்

எனக்குப் பக்கவாதம் வந்தபோது கழுத்தில் பழனிக்குப் போட்ட மாலை இருந்தது. குடியை விட்ட பிறகு போட்ட முதல் மாலை. அதற்கு முன்பு நான் விழாத சாக்கடை திண்டுக்கல்லில் கிடையாது என்று என் மச்சினன் ஊர் முழுக்கச் சொல்லுவான். பொய்யில்லை.

பாதயாத்திரைக் கூட்டம் ரெட்டியார்சத்திரம் தாண்டிக் காலை டீக்கு நின்றது. வாங்கிய டம்ளர் என் வலது கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தால் கால் பின்னியது. எங்களை அழைத்துப்போன குருசாமியிடம் என்னமோ சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மரத்துக் கிடந்தது, வார்த்தை குழறியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். குருசாமி கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாலையக் கழட்டிக் குடுத்துட்டு பஸ் ஏறிரு சாமி."

ஒரு சொட்டு தொட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வாயை ஊதிக் காட்டியிருக்கலாம்தான். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே! அவர் கையை உதறிவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து, பக்கத்து முருங்கைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அந்தக் கோலத்தில் என்னை எவனும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

செய்தி வீட்டுக்குப் போய்விட்டது, நான் மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன் என்று. என் மனைவி வீடியோ காலில் வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தால், என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"எங்க, ஒரு தடவ சிரிங்க."

இவளும் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். போனை அணைத்துப் போட்டேன்.

அவள் தன் அப்பாவுக்குச் சிரிக்கும்போது இதே மாதிரி வாய் கோணியதைப் பார்த்தவள். உடனே குருசாமியைக் கூப்பிட்டு, அவர் குடிக்கவில்லை, பக்கவாதம், ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள் என்று கத்தியிருக்கிறாள். ஆட்கள் தோட்டம் தோட்டமாகத் தேடினார்கள். "சாமி, சாமி" என்ற சத்தம் கேட்டது. மாலையைப் பறிக்கத்தான் வருகிறார்கள் என்று நான் தவழ்ந்து அடுத்த சோளக்காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். பொழுது சாயும் நேரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். என்னைத் தூக்கும்போது குருசாமி அழுதார்.

எப்போது ஆரம்பித்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். காலை டீ நேரம் என்றார்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைச் சில மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்த நேரம் போய்விட்டது, கை திரும்புவது சந்தேகம் என்றார்.

அவர் போனதும் மனைவி கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"ஊரே குடிச்சிருக்கீங்கன்னு சொன்னப்பவும் நான் நம்பலையே. எங்கிட்ட ஒருவாட்டி சிரிச்சுக் காட்ட உங்களுக்கு என்ன கேடு?"

என் வாயோரம் எச்சில் வழிந்தது. அவள் முந்தானையால் துடைக்க வந்தாள். அப்போதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.