அவர் கை வைக்காத தலை

நாகல் நகர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சபைச் செயலாளர் போன் செய்தார். “உபதேசியாரே, நம்ம ஐயா போயிட்டாரு.” போதகர் ஞானமுத்து ஐயா தூக்கத்திலேயே கர்த்தரிடம் போய்விட்டார். பொறுக்கிய காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு நடந்தேன்.

ஐயாவை அறிந்த சபையாரே, அவருடைய பிரசங்கங்களைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள். அவருக்கும் எனக்கும் தீராமல் நிற்கும் வழக்கைப் பற்றி நான்தான் எழுத வேண்டும்.

நான் வேதாகமக் கல்லூரிப் படி ஏறாதவன். வேதத்தை நானாகவே படித்தேன். என் தலையில் கை வைத்து பாப்டிஸ்ட் போதகராக அபிஷேகம் செய்யலாமா என்று விசாரிக்க ஐந்து போதகர்கள் கூடினார்கள். ஒருவர் சர்டிபிகேட் கேட்டார். “பேதுரு எந்தக் காலேஜ்லய்யா படிச்சாரு? மேல கேளும்” என்று அவர் வாயை அடைத்தவர் ஞானமுத்து ஐயாதான்.

கடைசியில் எரியோட்டு விஷயத்தை எடுத்தவரும் அவர்தான். அந்த ஊரில் பூ விவசாயம் பார்த்த ஓர் அம்மாள் சாகக் கிடந்தபோது ஞானஸ்நானம் கேட்டிருந்தார். எங்கள் சபையில் தண்ணீருக்குள் முழுக்கினால்தான் ஞானஸ்நானம். கட்டிலைவிட்டுத் தூக்கினாலே அவருக்கு மூச்சு நின்றிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, திரியேக தேவனின் நாமத்தைச் சொன்னேன். மறுநாள் அடக்கம்.

“அது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லும்யா. இன்னைக்கே கை வைக்கிறோம்.”

“அந்தம்மா என்னைய நம்பிக் கண்ண மூடுச்சு ஐயா. சொல்ல மாட்டேன்.”

“உம்மத் தண்ணிக்குள்ள நாந்தான அமுக்குனேன்? பிடிவாதம் மட்டும் மேல மிதந்துருச்சு போல!”

எல்லாரும் சிரித்தார்கள். அபிஷேகம் நின்றது.

அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் அவருக்குக் கீழே உபதேசியாராகவே இருந்தேன். திருவிருந்தில் அப்பத்தை அவர் பிட்டார். நான் தட்டைப் பிடித்தேன். முறையிடப் போனால், “வசனம் தெரிஞ்சவன் அம்புட்டுப் பேர் இருக்கான். காத்திருக்கத் தெரிஞ்சவன்தான் இல்ல” என்பார். காக்க வைத்தவர் சொல்கிற பேச்சா அது?

போன மாதம் ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. “மத்த போதகருங்ககிட்டயும் பேசிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம சபைக்கு முன்னாடி மண்டி போடும். கை வைக்கிறோம்.”

“அப்ப எரியோட்டுல நான் செஞ்சது சரியா ஐயா?”

“தப்புதான்.”

“பெறகு எதுக்கு வந்தீங்க?”

“நீரு செஞ்சது தப்பு. நீரு போதகர். ரெண்டும் எனக்குத் தெரியும்யா.”

“தப்புன்னு சொன்னத வாபஸ் வாங்குங்க, மண்டி போடுறேன்” என்றேன்.

என் மனைவி கொடுத்த காபியைக் குடித்து முடித்தார். ‘வாரேன்’ என்று சொல்லாமல் எழுந்து போனார். அந்த ஞாயிறு வந்தது; போனது.

அடக்கத்தன்று எல்லாரும் பெட்டிக்குள் கைவிட்டு அவர் கையைத் தொட்டார்கள். நான் தொடவில்லை.

“நீரு போதகர்” என்ற ஒரு சொல்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதைச் சபை கேட்கவில்லை. விடியற்காலையில் ஜெபத்துக்கு மண்டியிட்டால் யாரோ வந்து பின்னால் நிற்கிறார். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. எரியோட்டில் கொடுத்தது ஞானஸ்நானம்தான் என்று அவருக்குக் கேட்கும்படி சொல்கிறேன். ஆனால் ஆமென் சொன்ன பிறகும் தலையை நிமிர்த்துவதில்லை.