மும்தாஜ் அக்காவின் நம்பர்

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் அடிபடுகிறவர்களுக்கு உடனே ரத்தம் கிடைக்கட்டும் என்று, கொடுக்க முன்வந்தவர்களின் போன் நம்பர்களைச் சேர்த்து ஒரு வெப்சைட் செய்தேன். நானாகக் கற்றுக்கொண்ட வேலை. நம்பர்களை வெளியே காட்டவில்லை. கேட்பவர்களுக்காக நானே போன் செய்வேன்.

நம்பர்களைச் சேமித்த டேட்டாபேஸின் பாஸ்வேர்டு இருந்த ஃபைலைத் திருத்துவதற்குமுன் ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் 'ஓல்டு' என்று சேர்த்து, சர்வரில் அங்கேயே விட்டுவைத்தேன். அசலைப் பிரவுசரில் திறந்தால் ஒன்றும் தெரியாது. பெயர் மாறிய நகலில் பாஸ்வேர்டு அப்படியே தெரியும் என்பது எனக்குத் தெரியவில்லை. எவனோ அதைப் பார்த்து எல்லா நம்பரையும் அள்ளிவிட்டான்.

கவரைப்பேட்டை மும்தாஜ் அக்கா போன் செய்தார். ஓ நெகட்டிவ் ரத்தத்துக்கு என் பட்டியலில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"இன்னா தம்பி, எவனெவனோ போன் பண்ணி அசிங்கமா பேசறான். ஊட்ல என்னையே ஒரு மாதிரி பாக்கறாங்கோ."

நடந்ததைச் சொன்னேன்.

"ஊட்டைப் பூட்டிட்டு சாவியக் கதவுலயே வுட்டுக்கீறியே. என் பேர எடுத்துடு."

எடுத்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக அப்படியே விலகினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுபோல பாஸ்வேர்டை மாற்றி, ஃபைலை வெப்சைட்டுக்கு வெளியே யாரும் எட்டாத இடத்தில் வைத்தேன்.

அடுத்த மாதம் எளாவூரிலிருந்து ஒரு பெண், புருஷனுக்கு ஓ நெகட்டிவ் வேண்டும் என்று அழுதார். அக்காவின் நம்பர் எனக்கு மனப்பாடம். மனசு கேட்காமல் அழைத்தேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல்.

"கெடைச்சுடும் இல்ல, நைனா?" என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டார்.

இப்போது அந்தப் பாஸ்வேர்டை யாராலும் எடுக்க முடியாது. எடுத்தாலும் உள்ளே யாரும் இல்லை.