இடைத்தேர்தலில் கேட்ட பெயர்

போன தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் விரலை முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது வழக்கம். இந்தக் காலத்து மைக்கு வாசனையே இல்லை, அல்லது என் மூக்குக்கு வயதாகிவிட்டது. எனக்குத் தெரிந்த தேர்தல் மையில் பலாப்பழம் மணக்கும்.

அதற்குக் காரணம் எங்கள் பிரிசைடிங் ஆபீசர். பலாவுக்குப் பேர்போன காடாம்புலியூர்க்காரர். அறுபதுகளில் வந்த ஓர் இடைத்தேர்தலில், புவனகிரிக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெண்கள் பூத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஓட்டுப்பெட்டியோடு ஒரு தூக்கு நிறையப் பலாச்சுளையும் கொண்டுவந்திருந்தார். நான் கடலூரில் டீச்சர் வேலையில் சேர்ந்த புதிது. வருகிறவர்களிடம் விவரம் கேட்டு, வாக்காளர் பட்டியலில் சரிபார்த்து, விரலில் மை வைப்பது என் வேலை. இடையிடையே சுளையும் தின்றுகொண்டிருந்தேன்.

எம்.எல்.ஏ. அமிர்தகடேசன் திடீரென்று இறந்துபோனதால் வந்த தேர்தல் அது. ஒரு மனிதர் போனதற்கு இத்தனையா என்று வாய்பிளந்து பார்த்தேன். குண்டும் குழியுமாகக் கிடந்த ரோட்டில், மந்திரிகளின் கார் வருகிறதென்று அவசர அவசரமாக ஜல்லி கொட்டினார்கள். சுவரெல்லாம், ஒலிபெருக்கியெல்லாம் அவர் பெயர். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட அவரைப் புகழ்ந்துவிட்டுத்தான் தங்கள் ஆளுக்கு ஓட்டுக் கேட்டார்கள்.

பெண்கள் பூத்தில் ஒரு தொல்லை. பட்டியலில் அவர்களுக்கு அடையாளமே புருஷன் பெயர்தான். அதை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையுமாம். ஜாடையாகத்தான் சொல்வார்கள். "திருவந்திபுரத்துச் சாமி பேரு" என்றால் தேவநாதன். "மூசா நபியோட அண்ணன் பேரு" என்று ஓர் அம்மா சொன்னபோது மட்டும் முழித்தேன். பின்னால் நின்றவர் ஹாரூன் என்று எடுத்துக்கொடுத்தார். மற்றபடி நன்றாகத் தேறிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்.

பட்டம்மாள் வந்து அதை அடக்கினாள். என் வயதுதான் இருக்கும். "செதம்பரத்துல ஆடுறாரே, அவுரு பேரு" என்றாள். பட்டியலைப் பார்த்தால் அதே தெருவில் இரண்டு பட்டம்மாள். வயதும் ஒன்றுதான். ஒருத்தியின் புருஷன் நடராஜன், இன்னொருத்தியின் புருஷன் சபாபதி. சிதம்பரத்தில் ஆடுகிறவருக்கு இரண்டு பெயரும் உண்டே!

ஒரு கட்சி ஏஜெண்டு எழுந்துவிட்டார். "எந்தப் பட்டம்மான்னு தெரியாம ஓட்டுச்சீட்டு குடுக்காதீங்க சார்."

எதிர்க்கட்சி ஏஜெண்டு அவருக்கு மச்சான்தான். "எனக்குத் தெரியும் மச்சான், இது நம்ம..." என்று அவர் ஆரம்பிக்கவும் ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வோட்டரே சொல்லணும். இல்லன்னா வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு வாம்மா."

"அவுரு நெய்வேலிக்கு வேலக்கிப் பூட்டாரு. பொழுதுபோயித்தான் வருவாரு."

"அப்ப சீட்டு கெடையாது."

"போன தடவ புள்ள பெத்துக் கெடந்தேன், ஓட்டுப் போடல. இந்தத் தடவ போடாம போவமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டாள். கண் கலங்கிவிட்டது. பெயர் மட்டும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அமிர்தகடேசனின் மனைவி வந்தார். வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. ஏஜெண்டுகள் இருவரும் தன்னால் எழுந்து நின்றார்கள். முன்னால் நின்ற பெண்கள் விலகி வழிவிட்டும் அவர் வரிசைக் கடைசியில்தான் போய் நின்றார். அங்கேயே பட்டம்மாள் சங்கதி அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் முறை வந்ததும், நான் எதுவும் கேட்காமல் பட்டியலில் கோடு போடப் போனேன்.

"ஏம்மா, எல்லாரையும் கேட்டியே. என்னை ஏன் கேக்கல?"

"உங்களத் தெரியாதவங்க யாரும்மா..."

"கேளு."

கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அமிர்தகடேசன்."

ஊரெல்லாம் வாழ்க போட்ட பெயர். அந்தத் தொகுதியிலேயே அதைச் சொல்லாத ஒரே ஆள் அவராகத்தான் இருந்திருப்பார். முன்னால் அடைமொழி இல்லை, பின்னால் 'அவர்கள்' இல்லை. வெறும் பெயர். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் சொன்னதே இல்லம்மா. அவுரு இருந்தாரா? நீ சொல்லு. இருக்கறப்பவே சொல்லு."

பட்டம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு எடுத்துவிட்டு, "சபாபதி" என்றாள். சொல்லிவிட்டு, ஏதாவது ஆகிவிட்டதா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. "அதான், நம்ம சபாபதி" என்றார் மச்சான் ஏஜெண்டு. நான் அவள் விரலைப் பிடித்து மை வைத்தேன்.

அந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. அவ்வளவையும் கண்ணால் பார்த்தவள், என் வீட்டுக்காரர் இருந்தவரை 'என்னங்க'வைத் தாண்டவில்லை. இப்போது என் மருமகள் பூத் வாசலில் நின்றுகொண்டே போனில் என் மகனை "டேய் கார்த்தி, எங்கடா இருக்க?" என்கிறாள். கேட்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பெட்டி போய்விட்டது, சீட்டு போய்விட்டது, ஜாடையும் போய்விட்டது. போன தேர்தலில் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் என் அட்டையைப் பார்த்தாள், தலையாட்டினாள், மை வைத்தாள். யார் பெயரையும் கேட்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.