பயாஸ்கோப்பில் செத்த ஆள்

எனக்குப் பொய் பிடிக்காது. அதைத் தமுக்கடித்துச் சொல்கிறவனைக் கண்டால் உதைக்கத் தோன்றும். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த மறுவருஷம் காஞ்சிபுரத்தில் கொட்டகை போட்ட பயாஸ்கோப்காரன் அப்படிப்பட்டவன். இத்தாலிப் படம் ஒன்றைக் கொண்டுவந்து, அசல் யுத்தகளத்திலேயே எடுத்தது என்று தெருத்தெருவாகக் கத்தினான்.

என் தங்கச்சி புருஷன் பட்டாளத்துக்கு மூட்டை தூக்க பஸ்ரா போனவன். ஒன்றரை வருஷமாகக் கடுதாசி இல்லை. படம் பார்த்துவிட்டு வந்த அவள் மறுநாள் தறியில் உட்காரவில்லை.

"அண்ணா, அவரு அதுல குப்புற விழுந்து கெடக்குறாரு. முகம் தெரியல. வலது தோளு எறங்கி இருக்குது. நெசவுக்காரன் தோளு எனக்குத் தெரியாதா?"

"அது இத்தாலி. அவன் போனது பஸ்ரா."

"பட்டாளத்த எங்க வேணா இட்டுக்கினு போவாங்க. வெள்ளிக்கிழமை சர்வதீர்த்தக் குளத்துல தாலிய எறக்கிடறேன்."

அன்று சாயங்காலம் நானும் போனேன். திரைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தான். சிப்பாயின் பெண்சாதி புருஷனுக்காகக் காத்திருக்கிறாள். எங்கே? தறியில். அதற்குப் பிறகு நான் வேறெதையும் பார்க்கவில்லை. கை, குறுக்கு நூல் கோத்த நாடாவைத் தள்ளுகிறது, கால் மிதிக்கவே இல்லை. மிதிக்காமல் பாவு நூல் எப்படி மேலும் கீழுமாகப் பிரிந்து நாடாவுக்கு வழி விடும்? நூலுக்கு மேலேயே நாடாவை இழுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் சண்டை வந்தது. திரும்ப அவளைக் காட்டினபோது ஆறு மாசம் ஆயிற்று என்றான் கதை சொல்பவன். துணி ஒரு விரல் கூட ஏறவில்லை.

"ஆறு மாசமா என்னாய்யா நெய்யறா?" என்று கத்தினேன். கொட்டகையில் பாதிப் பேர் நெசவாளிகள்.

"முதலாளி பட்டு குடுத்திருக்க மாட்டான், விடுப்பா" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் எடுத்தவன் அந்த ஊரில் ஒரு நெசவாளியைக் கூடவா கேட்கவில்லை? அவளை அங்கே உட்கார வைத்தவன் யார்? தறி பொய் என்றால் செத்தவன்?

காலையில் கொட்டகைக்குப் போய், படம் காட்டும் மெஷினைச் சுற்றுகிறவனைப் பிடித்தேன்.

"எல்லாம் வேஷம்பா. ஒருத்தன் சொல்வான், இவங்க விழுவாங்க."

"நீ பார்த்தியா?"

"நான் எங்க பார்த்தேன்? குண்டு விழற எடத்துல எவன் படம் புடிக்கிற பொட்டிய வெச்சிக்கினு நிப்பான்?"

அறுந்துபோனதும் காட்டாமல் வெட்டிப் போட்டதுமான பிலிம் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தான். வெயிலில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். செத்தவன் கிடக்கும் துண்டு ஒன்று அகப்பட்டது. அதை வாங்கிக்கொண்டு நேரே தங்கச்சியிடம் போனேன்.

சூரியனுக்கு நேரே பிடித்தாள். துண்டில் வரிசையாகக் குட்டிப் படங்கள். மேல் படத்தில் குப்புறக் கிடக்கிறான். கீழே வர வர முழங்கையை ஊன்றி எழுந்து, திரும்பிச் சிரிக்கிறான். நீள மூக்கு. வெள்ளைக்காரன்.

"இவரு இல்ல" என்றாள். துண்டை இன்னும் கிட்டே பிடித்து, "யாரைப் பாத்து சிரிக்கிறான்?" என்றாள்.

"படம் எடுத்தவனப் பாத்து."

"அவன் இதுல எங்க?"

"இருக்க மாட்டான்."

இருந்தும் துண்டைத் திருப்பித் திருப்பித் தேடினாள். பிறகு அதை முந்தானையில் முடிந்துகொண்டு தறியில் உட்கார்ந்து குழியில் காலை விட்டாள். புருஷன் இருக்கிறானா இல்லையா என்பது அப்போதும் எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை குளத்துக்கு மட்டும் போகவில்லை.