டிராயருக்குள் என் மகளின் பாஸ்வேர்டு

எங்கள் வீதி முனையில் பஷீர் பாயின் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. வீதியில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி ஆரம்பித்துக் கொடுத்ததே அவர்தான். பாஸ்வேர்டைத்தான் நாம் மறந்துவிடுகிறோமே... அதனால் எல்லோருடையதையும் ஒரு நீள நோட்டில் எழுதி, டிராயரில் பூட்டி வைத்திருக்கிறார்.

போன மாதம் இதே பத்தியில் நான் எகிறிக் குதித்தது ஞாபகம் இருக்கிறதா? நம் மெயிலை அரசாங்கம் படிக்கலாமா, எவனோ நம் பெயரைத் திருடிக்கொண்டு திரியலாமா என்று? நாலைந்து வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

அதே ஆள்தான் போன செவ்வாய்க்கிழமை பாய் முன்னால் போய் நின்றேன்.

காரணம், என் மகள் வித்யா. கல்லூரியில் கடைசி வருஷம். பத்து நாளாக வீட்டில் சரியான பேச்சில்லை, சாப்பாடில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா." சாயங்காலமானால் மட்டும் பாய் கடைக்குக் கிளம்பிவிடுவாள். யாருக்கு எழுதுகிறாள்? எனக்குப் பயமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

"பாய், வித்யாவோட பாஸ்வேர்ட கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"எதுக்கு சார்?"

"நான் அவ அப்பா பாய்!"

பாய் டிராயரைத் திறக்கவில்லை. "உங்களுத பாப்பா கேட்டா குடுத்துடலாமா?"

என் மெயிலில் என்ன இருக்கிறது? பாரீஸில் இருக்கும் என் தம்பியோடு ஒரு மாதமாக ஒரே பேச்சு — அங்கே ஒரு மாப்பிள்ளை, பரீட்சை முடிந்ததும் கல்யாணத்தை வைத்துவிடலாம், அதுவரை வித்யாவுக்குத் தெரிய வேண்டாம். அவளோ மேலே படிக்கணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவள்.

"அதெப்படி பாய் குடுப்பீங்க?" என்றேன். சுருதி இறங்கிவிட்டது.

"குடுக்கலியே சார். போன வாரம் வந்து கேட்டுச்சு. அழுவுது. அப்பயும் குடுக்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெயில் போதாதென்று ஒரு நாள் இதையே தம்பியோடு போனிலும் பேசினேன்; அது அவள் காதில் அரைகுறையாக விழுந்திருக்கிறது!

கண்காணிப்பு என்றால் நமக்கு உடனே டெல்லிதான் ஞாபகம் வருகிறது. வீட்டுக்குள் நாம் செய்வதற்கு மட்டும் அக்கறை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போய் மாப்பிள்ளை விஷயத்தை நானே முழுசாகச் சொன்னேன். கத்தினாள், அழுதாள். அப்புறம் தன் மனசில் இருந்ததையும் சொன்னாள். மறுநாள் காலையில் தம்பிக்கு மெயில் போட்டேன் — இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடு என்று.

இவ்வளவையும் எழுத அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவள் மனசில் இருந்தது என்ன என்கிறீர்களா? பாய் கேட்டதையே நானும் உங்களிடம் கேட்கிறேன்:

எதுக்கு சார்?